செய்மதி அறியாத குளக்கட்டு

சைக்கிளில் நெடும்பயணம் போவதற்கு எந்த ஜி.பி.எஸ். கருவியை வாங்கலாம் என்ற கேள்வி இப்போது என்னிடமும் வந்து சேர்கிறது. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற பழைய நம்பிக்கை ஒரு காரணம். ஐம்பது வயதைக் கடந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் மிதிப்பவன் என்று எனக்கிருக்கும் பெயர் இன்னொரு காரணம். கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு கருவிகளின் பெயர்களையும் விலைகளையும் எழுதி, இவற்றுள் எது சிறந்தது என்கின்றனர். அந்தக் கேள்வியே பிழையானது என்பதுதான் என் வாதம். எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன்னர், அதனுள் இருக்கும் தேசப்படத்தை யார் வரைந்தார்கள், எப்போது வரைந்தார்கள், படம் பிழைத்தால் கருவி என்ன செய்யும் என்று கேட்கவேண்டும். இவற்றைக் கேளாமல் பணத்தைக் கொடுப்பவர், வழிகாட்டி என்ற பெயரில் விலைகூடிய மணிக்கூடு ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறார்.

நான் பட்டறிந்துதான் இதைச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் ரொறன்ரோவிலிருந்து என் தமக்கையின் மகன் வந்திருந்தான். தாயார் பிறந்த மண்ணைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்க்க அவனுக்கு விருப்பமில்லை. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குச் சைக்கிளில் போகவேண்டும் என்றான். அவனுடைய ஹாண்டிலில் தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிதாக ஒரு கருவி பூட்டப்பட்டிருந்தது. அதன் விலையைக் கேட்டு அறிந்தபோது, என் சைக்கிளைப் போல மூன்று சைக்கிள்கள் வாங்கலாம் என்று மனம் தானாகவே கணக்குப் பார்த்தது.

காற்றுப்போன ரயர் ஒன்றால் காலையில் தாமதமாகிவிட்டது. புளியங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுத் திரும்பி, நெடுங்கேணியில் தேநீர் குடிக்கும்போது நான்கு மணி. அங்கிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் பிரதான வீதி எனக்குத் தெரியும். கருவியோ சில கிலோமீற்றர்களை மிச்சம்பிடிக்கும் வேறொரு பாதையைக் காட்டியது. “மாமா, இதில வடிவாக் காட்டுது. குளக்கட்டால போய் அங்கால ஏறலாம்” என்றான். நான் மறுக்கவில்லை. முப்பது வருடங்களாக ஊர்களைப் பற்றி எழுதிப் பிழைப்பவன், ஒரு கண்ணாடித் துண்டில் தெரிந்த ஊதாநிறக் கோட்டை நம்பினேன் என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

தார் வீதி கிறவல் பாதையாயிற்று. கிறவல் பாதை ஒற்றையடிப் பாதையாகிக் குளக்கட்டில் ஏறியது. கட்டின் நடுவே வான் உடைந்து, ஆளுயரத்துக்குப் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் காடு. சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, கரியரில் விறகு கட்டிய பழைய லுமாலா சைக்கிளோடு ஒரு முதியவர் வந்தார்.

“எங்க தம்பியவை போறியள்?”

மருமகன் கருவியைக் காட்டினான். அவர் அதைப் பார்க்கவேயில்லை. காட்டைத்தான் பார்த்தார்.

“அங்கால போகாதேங்கோ. பொழுதுபட்டா யானை தண்ணிக்கு இறங்கும். நாங்களே இந்த நேரத்தில போறேல்லை.”

அவர் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கருவி ஒருமுறை கூவி, நேரே செல்லுமாறு அம்புக்குறி காட்டியது. முதியவர் தம் வீட்டைத் தாண்டி எங்களோடு பிரதான வீதி வரைக்கும் வந்து, ஒட்டுசுட்டான் பக்கம் திருப்பிவிட்ட பின்னரே திரும்பிப் போனார். அன்றிரவு முல்லைத்தீவுக்குப் போகவில்லை. ஒட்டுசுட்டானில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம்.

இதைச் சாதாரண பயணக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 முதல் 2023 வரையான ஒவ்வோர் ஆண்டிலும் இந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் யானைகளாலும், முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் பல்வேறு காரணங்களாலும் உயிரிழந்திருக்கின்றன. கோடை முற்றிய ஆவணியில், மாலை வேளையில், காட்டோரக் குளமொன்றுக்கு இரண்டு மனிதரைச் சத்தமில்லாத வாகனத்தில் அனுப்புவது எவ்வளவு பெரிய பிழை என்பது அங்குள்ள பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கருவிக்குத் தெரியாது.

பிழைவிட்டது யார்? செய்மதி பிழைவிடவில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகளுள் குறைந்தது நான்கின் நேரச் சமிக்ஞைகளை ஒப்பிட்டு, நாம் நின்ற இடத்தைக் கருவி மிகச் சரியாகவே கணித்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரையில் பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வழங்கியது. அந்தத் தடை நீங்கியபின் சில மீற்றர் வித்தியாசத்தில் இடம் காணுதல் சாதாரண காரியமாகிவிட்டது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் செய்மதிகளையும் இக்கருவிகள் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. ஆகவே நாங்கள் குளக்கட்டில்தான் நிற்கிறோம் என்பதில் ஐயமேயில்லை.

படமும் ஒருவகையில் பொய் சொல்லவில்லை. குளக்கட்டு அந்த இடத்தில்தான் இருந்தது. அதன்மேல் பாதையும் இருந்தது. யாரோ ஒரு தொண்டர், எங்கோ ஒரு தேசத்தில் இருந்துகொண்டு, வானிலிருந்து எடுத்த நிழற்படத்தைப் பார்த்து அந்தக் கோட்டை வரைந்திருக்கக்கூடும். வான் உடைந்ததை அவர் அறியார். யானை இறங்கும் நேரத்தை நிழற்படம் காட்டாது. பத்திரிகை அலுவலகத்தில் இதற்கு எங்களிடம் வேறு பெயர் உண்டு: உறுதிப்படுத்தப்படாத செய்தி. சம்பவம் உண்மையாக இருக்கலாம். ஆனால் திகதி பழையது, நேரில் பார்த்தவர் இல்லை, இரண்டாவது மூலத்திடம் விசாரிக்கவுமில்லை. அத்தகைய செய்தியை முன்பக்கத்தில் போடும் ஆசிரியர் நெடுநாள் கதிரையில் இருக்கமாட்டார். கருவியோ அதையே அம்புக்குறியிட்டு, ஒலியெழுப்பி, முழு நிச்சயத்தோடு சொல்கிறது. நான் குற்றம் காண்பது அந்த நிச்சயத்தில்தான்.

இனி விலைக்கு வருவோம். சைக்கிள் கருவிகளில் பெயர்பெற்ற கார்மின், வாஹு, ஹாமர்ஹெட் ஆகியவற்றின் வரைபடங்களுக்கு அடித்தளமாக இருப்பது ஓப்பன் ஸ்ட்ரீட் மப் எனப்படும் திறந்த தேசப்படமாகும். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடக்கிவைத்த இம்முயற்சியில், உலகெங்கும் உள்ள தொண்டர்கள் கூலியின்றி வரைகிறார்கள். எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2022இல் கார்மின் நிறுவனம் வெளியிட்ட எட்ஜ் 1040 கருவியின் தொடக்க விலை ஏறத்தாழ 600 அமெரிக்க டொலர். அதே ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்ட எட்ஜ் எக்ஸ்ப்ளோர் 2 ஏறத்தாழ 300 டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று கணக்கிட்டால், சுங்கத் தீர்வைக்கு முன்னரே ஒன்று ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா, மற்றையது தொண்ணூறாயிரம் ரூபா. இரண்டுக்குள்ளும் படம் இருக்கிறது. இரண்டும் வழி தவறினால் புதுவழி கணிக்கும். இரண்டிலும் அந்தக் குளக்கட்டு ஒரே குளக்கட்டுதான்.

அப்படியாயின் மேலதிகத் தொண்ணூறாயிரம் ரூபாவுக்கு என்ன கிடைக்கிறது? கூடுதலான மின்கல ஆயுள் கிடைக்கிறது. அது பயனுள்ளது என்பதை மறுக்கவில்லை. மீதியிற் பெரும்பகுதி உடற்பயிற்சி பற்றிய எண்களாகும். மிதிக்கும் வலு எத்தனை வோற், உடல் எவ்வளவு ஒட்சிசனை உள்ளெடுக்கிறது, களைப்பாற எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்றெல்லாம் அது சொல்லும். போட்டிக்குப் பயிற்சி எடுப்பவருக்கு இவை தேவை. ஊர் பார்க்கப் போகிறவருக்கு, களைப்பைக் கால்களே இலவசமாக அறிவிக்கும். இருந்தும் கருவிகளை ஒப்பிட்டு எழுதும் கட்டுரைகளிற் பலவற்றைப் பாருங்கள். எண்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். எந்த நாட்டின் படம், எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு ஒரு வரி இராது. அக்கட்டுரைகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஓடிப் பார்த்து எழுதப்படுகின்றன. அங்கு படம் ஓரளவு முழுமையாக இருப்பதால் அக்கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. அவர்களுடைய தீர்ப்பை அப்படியே வாங்கி வன்னிக்குள் கொண்டுவருவது நாம் செய்யும் பிழை.

இதிலும் பெரிய அநீதி ஒன்று உண்டு. அண்மைக்காலக் கருவிகளும் செயலிகளும் ‘பலரும் செல்லும் பாதை’யைத் தெரிந்தெடுத்துத் தருவதாகப் பெருமை பேசுகின்றன. பிறர் ஓடிப் பதிவேற்றிய பயணங்களைக் கூட்டிப் பார்த்து, எங்கு அதிகம் பேர் ஓடினார்களோ அந்தப் பாதைக்கு முன்னுரிமை கொடுப்பது அவற்றின் முறை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவருடைய ஓட்டம் கணக்கில் வருகிறது? வடக்கிலும் கிழக்கிலும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், விடியற்காலையில் கரியரில் பெட்டி கட்டி மீன் விற்கும் தொழிலாளர்கள், தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஆகியோரில் எவரும் தம் பயணத்தைப் பதிவேற்றுவதில்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் மிதிக்கும் ஒழுங்கை அந்தக் கணக்கில் ஆளில்லாத பாதை. கொழும்பிலிருந்து வந்த நான்கு பேர் ஒருமுறை ஓடிவிட்டுப் போன வீதி அங்கே ‘பிரபலமான’ பாதை. சைக்கிள் ஓட்டுபவர்களின் நாட்டில், கருவி வைத்திருப்பவர்கள் மாத்திரமே சைக்கிள்காரர்களாக எண்ணப்படுகிறார்கள். 1990களில் பொருளாதாரத் தடையின்கீழ்ப் பெற்றோல் இல்லாமல் ஒரு குடாநாடே சைக்கிளில் வாழ்ந்தது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்று களைத்த முழு நாடும் சைக்கிளைத் தேடியது. அந்த அறிவில் ஒரு துளிதானும் இக்கருவிகளுக்குள் இறங்கவில்லை.

இவ்வளவும் சொன்னபின், கருவியே வேண்டாம் என்று முடிப்பேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். என் வயதொத்த நண்பர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும், வழியைக் கேட்டுப் போனால் முடிந்தது’ என்பது அவர்களது கட்சி. அந்தக் கட்சியிலும் நான் இல்லை. பல பத்துக் கிலோமீற்றருக்கு வீடில்லாத காட்டு வீதியில் யாரிடம் கேட்பது? இடம்பெயர்ந்து, பல வருடங்கள் கழித்துத் திரும்பிய கிராமங்களில் பழைய பாதையை அறிந்த முதியவர்கள் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள்? மொனராகலைப் பக்கம் போகும் சிங்களம் தெரியாத தமிழ் இளைஞனும், மாங்குளம் வரும் தமிழ் தெரியாத சிங்கள இளைஞனும் எந்த மொழியில் கேட்பார்கள்? தனியே சைக்கிளில் பயணம் செய்யும் பெண் ஒருத்தி, தான் எங்கே போகிறாள் என்பதைச் சந்திக்குச் சந்தி அந்நியர்களுக்கு அறிவித்துக்கொண்டு போகவேண்டுமா? ‘கேட்டுப் போ’ என்ற அறிவுரை பெரும்பாலும், சொந்த மாவட்டத்தில் பயணம் செய்யும் ஆண்களின் அறிவுரை. கருவிக்குத் தேவை உண்டு. அதை அறிந்து வாங்கவேண்டும் என்பதே என் கட்சி.

எனவே வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கருவிக்குள் படம் இருக்கிறதா, வெறுங்கோடு மாத்திரம்தானா? மலிவான கருவிகள் பலவும், விலைகூடிய நிறுவனங்களின் சிறிய கருவிகள் சிலவும், வெற்றுத் திரையில் ஒரு கோட்டை மட்டுமே காட்டும். கோட்டை விட்டு விலகினால், விலகிவிட்டாய் என்று சொல்லும். அருகே வேறென்ன வீதி உண்டு என்று சொல்லாது. இன்னும் சில கருவிகள் படத்தைக் காட்டும். புதுவழி கணிப்பதற்குத் தொலைபேசியின் உதவியை நாடும். தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடத்தில்தான் மனிதர் வழி தவறுவார் என்பதை மறவாதீர்கள். தொலைபேசியின் துணையின்றித் தானே வழி கணிக்குமா என்று திட்டவட்டமாகக் கேளுங்கள்.

இரண்டாவது, எந்தப் பிராந்தியத்தின் படம், எப்போதைய படம்? கனடாவில் வாங்கிய கருவிக்குள் வட அமெரிக்காவின் படம்தான் பெரும்பாலும் இருக்கும். தெற்காசியப் படத்தை நாமே ஏற்றவேண்டும். அதற்குக் கருவியில் இடம் உண்டா, இலவசமா என்பதை முன்னரே அறியவேண்டும். திகதி ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய படத்தை வைத்துக்கொண்டு மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகிறவரை, கருவி பரந்தனுக்குத் திருப்பி ஆனையிறவைச் சுற்ற வைக்கும். பாலம் கண்முன்னே நிற்கும். கருவி கடல் என்று சொல்லும்.

மூன்றாவது, நாம் வீட்டில் இருந்து வரைந்த வழியைக் கருவி மதிக்குமா? வழிகளைப் பரிமாறிக்கொள்வதற்குப் பொதுவாக வழங்கும் கோப்பு வகை ஜி.பி.எக்ஸ். எனப்படும். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, அடியொற்றிப் போகவேண்டிய தடமாக ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தருவது. மற்றையது, சில திருப்பங்களை மட்டும் தந்து, இடையில் உள்ளதைக் கருவியே கணிக்கட்டும் என்று விடுவது. இரண்டாம் விதத்தில் அனுப்பினால், நீங்கள் யோசித்து ஒதுக்கிய குளக்கட்டுக்குள்ளேயே கருவி உங்களை மீண்டும் இறக்கக்கூடும். தடமாக அனுப்புங்கள்; தானாக வழி மாற்றும் வசதியை நிறுத்திவிடுங்கள்; வாகன வகை சைக்கிள் என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கார் என்று அமைத்த கருவி அதன் வாசலுக்குத்தான் அழைத்துப்போகும்.

நான்காவது, வெயிலிலும் வியர்வையிலும் மழையிலும் அதைப் பயன்படுத்த முடியுமா? கடையின் குளிரூட்டிய அறைக்குள் பளபளக்கும் திரை, நண்பகல் வெயிலில் இருண்ட கண்ணாடியாகிவிடலாம். வெளியே கொண்டுவந்து சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தொடுதிரையில் வியர்த்த விரலும் மழைத்துளியும் ஒன்றுபோலவே குழப்பம் விளைவிக்கும். பொத்தான்களாலும் இயங்கும் கருவியையே நான் தெரிந்தெடுப்பேன்.

ஐந்தாவது, மின்கலம். நிறுவனம் சொல்லும் மணித்தியாலங்கள் சலுகையான நிலையில் அளந்தவை. திரை முழு வெளிச்சத்தில், வழிகாட்டல் இயங்க, தொலைபேசியோடும் இணைந்திருக்கும்போது அது வெகுவாகக் குறையும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் பாங்கிலிருந்து மின்னேற்ற முடியுமா, அப்படி ஏற்றும்போது மழைநீர் புகாதிருக்குமா என்று விசாரியுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஜாம்போத்தல் விளக்கில் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படித்தவன். சிறிய மின்கலங்கள்கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலம் அது. மின்சாரம் முடிந்துபோகும் என்பதை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை; இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆறாவது, ஊரின் பெயர். நான் பார்த்த கருவிகளின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடவேண்டும். வன்னியில் ஒரே ஊரை நான்கு பெயர்ப்பலகைகள் நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கருவிக்குத் தெரிந்த ஐந்தாவது எழுத்துக்கூட்டலை நீங்கள் எப்படி ஊகிப்பீர்கள்? பெயரால் தேடாமல், படத்தில் விரலால் இடத்தைக் குறித்துப் போகும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த ஆறு கேள்விகளுக்கும் பின்னரும் கருவி தேவைதானா என்று ஒருமுறை யோசிக்கலாம். ஒருநாட் பயணம் போகிறவருக்குக் கையிலுள்ள தொலைபேசியே பெரும்பாலும் போதும். ஒஸ்மாண்ட், ஓர்கானிக் மப்ஸ் போன்ற செயலிகளில் முழு இலங்கையின் படத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையத் தொடர்பு இல்லாமலே வழி பார்க்கலாம். படம் அதே திறந்த தேசப்படம்தான். தொலைபேசியை வெயிலில் ஹாண்டிலில் பூட்டிவைத்தால் சூடேறும், மின்கலமும் விரைவில் இறங்கும். பையில் வைத்து, சந்திகளில் மட்டும் எடுத்துப் பாருங்கள். பல நாட்பயணம், தெரியாத மாகாணம், அடிக்கடி மாறும் திருப்பங்கள் என்றால் மாத்திரம் தனிக்கருவிக்குப் பணம் செலவிடுங்கள். அப்போதும் படமுள்ள கருவிகளுள் விலை குறைந்ததைத் தெரிந்தெடுங்கள்.

எந்த விலைக்கு வாங்கினாலும், எங்கள் பகுதியில் கருவியால் அறியமுடியாத விடயங்கள் உண்டு. வலிகாமம் வடக்கில் 1990இலிருந்து உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீதிகள், யுத்தம் முடிந்தபின் கட்டங்கட்டமாகவே திறக்கப்பட்டன. படத்தில் கோடு தொடரும் இடத்தில், தரையில் முட்கம்பி தொடர்ந்த காலம் நீண்டது. கண்ணிவெடிகளும் அவ்வாறே. கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை இணைந்ததே 2017 டிசம்பரில்தான். யுத்தம் முடிந்து ஒரு தசாப்தத்துக்கு மேலாகியும் முகமாலைப் பகுதியில் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட நிலத்தின் ஓரமாகப் போகும் ஒற்றையடிப் பாதையும், வயலோரம் போகும் ஒற்றையடிப் பாதையும் திரையில் ஒரே மெல்லிய கோடு. இப்பகுதிகளில் ஆள் நடமாடும் பாதையைவிட்டு விலகக்கூடாது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. ஆகவே கருவியை ஒரு மூலமாகவும், ஊரவரை இரண்டாவது மூலமாகவும் கொள்ளுங்கள். இரண்டும் ஒத்தால் போங்கள். முரண்பட்டால் ஊரவர் சொல்வதையே கேளுங்கள். பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற இந்த விதி சைக்கிளுக்கும் பொருந்தும்.

இன்னொரு கடமையும் நமக்குண்டு. படத்தைக் குறைகூறிவிட்டு இருந்துவிட முடியாது. அது திருத்தக்கூடிய படம். 2012, 2013 காலப்பகுதியில் மட்டக்களப்பு மண்முனை வடக்கில், அனர்த்த முன்னாயத்தத்துக்காகக் கட்டடங்களை ஒவ்வொன்றாக இந்தத் திறந்த தேசப்படத்தில் பதிந்தார்கள். அரசாங்கமும் பெரிய நிறுவனங்களும் வரும்வரை காத்திருக்காமலும் இதைச் செய்யலாம். தொலைபேசி ஒன்று இருந்தால், உடைந்த மதகையும் மூடிய பாதையையும் குறிக்கலாம். ஊரின் தமிழ்ப்பெயரைத் தமிழெழுத்தில் எழுதலாம். அதற்கென்று தனி இடமே அங்குண்டு. நம் ஊரின் பெயரை நாம் எழுதாவிட்டால், நிழற்படம் பார்த்து வரைபவர் தமக்குத் தெரிந்தபடி எழுதுவார், அல்லது பெயரில்லாமல் விடுவார். பெயரில்லாத ஊர் வெள்ளத்தின்போது நிவாரண லொறிக்கும் பெயரில்லாத ஊர்தான்.

பதிவதிலும் நிதானம் வேண்டும். பயிற்சியாளர்களின் ஓட்டங்களைத் தொகுத்து ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட உலகப் படத்தில், இராணுவ முகாம்களின் உட்பாதைகள் வெளிச்சமாகத் தெரிந்ததை 2018 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. முகாமுக்கு நேர்ந்தது வீட்டுக்கும் நேரும். நீங்கள் தினமும் எந்த வாசலிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள் என்பதை ஊருக்கு அறிவிக்கவேண்டிய அவசியமில்லை. பாதையைத் திருத்துங்கள், உங்கள் நடமாட்டத்தை உங்களோடு வைத்திருங்கள்.

அன்றிரவு ஒட்டுசுட்டானில், சாப்பாட்டுக்குப் பிறகு, மருமகன் மடிக்கணினியைத் திறந்தான். குளக்கட்டில் வான் உடைந்த இடத்தில் பாதைக் கோட்டை அறுத்து, காரணத்தையும் எழுதினான். குளத்துக்கு அங்கே பெயர் போடப்பட்டிருக்கவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுத் தமிழில் எழுதினான். சில மாதங்களின் பின் ரொறன்ரோவிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருந்தான். “மாமா, புதுப் படத்தில இப்ப மெயின் ரோட்டாலதான் காட்டுது.”

விலைகூடிய அந்தக் கருவிக்குள் அன்றுதான் பயனுள்ள ஒரு தகவல் ஏறியது. அதைக் கொடுத்தவர் விறகு கட்டிய லுமாலா சைக்கிளில் வந்த ஒரு முதியவர். எந்தக் கருவி சிறந்தது என்று அடுத்த முறை என்னிடம் கேட்பவர்கள், அவரைப் போன்ற ஒருவர் சொன்னது எந்தப் படத்தில் ஏறியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வரட்டும்.